சீந்தில் வேலியில் ஒரு மாறுவேடம்

கதை எழுதுகிறவனுக்கு மாறுவேடம் பெரிய உதவி. ராஜா வேஷம் மாற்றிக்கொண்டு நகர்சோதனைக்குப் புறப்படாவிட்டால், நம்முடைய சரித்திர நாவல்களில் பாதி முதல் பத்து அத்தியாயத்திலேயே முடிந்துபோகும். நானும் அந்த உபாயத்தைக் கூசாமல் கையாண்டிருக்கிறேன். ஒட்டுத் தாடியும் பூசிய சாம்பலுமாக ஓர் ஒற்றனை எதிரியின் கோட்டைக்குள் அனுப்பி, நூறு காவலர்களை ஒரே இரவில் ஏமாற்ற வைத்திருக்கிறேன். வாசகர்களும் பெருந்தன்மையோடு நம்பினார்கள். ஆனால், அந்த ஒற்றர்கள் எல்லாரும் கைகட்டி நின்று பாடம் கேட்கவேண்டிய ஒரு வேஷதாரி இருக்கிறது. அதைப் பிடித்து, அடையாளம் கண்டு, அதன் பூர்வோத்தரங்களை விசாரித்து அறிவதற்கு மனிதர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த விசாரணையின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

புதுச்சேரியின் வட எல்லையில் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். ஒரு காலத்தில் அங்கே ஆட்சி மாறும், நாணயம் மாறும், சட்டம் மாறும். இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். இன்று ஒரு பக்கம் புதுச்சேரி, மறுபக்கம் விழுப்புரம் மாவட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். கிழக்கே கடல். மேற்கே செம்மண் மேடு. மழைத் தண்ணீர் அந்த மேட்டை அறுத்து அறுத்து ஓடைகளாக்கிக் கடலை நோக்கி வரும். மேட்டின்மேல் கொய்யா, மா, முந்திரித் தோட்டங்கள். அவற்றில் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவரும் ஒரு பெரியவரை எனக்குப் பழக்கம். எல்லாரையும்போல நானும் அவரைப் 'பாய்' என்றே கூப்பிடுவேன்.

ஒரு நாள் அவர் ஒரு கூடை கொய்யாவைக் காட்டினார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பழத்திலும் குண்டூசி முனையால் குத்தியதுபோல் ஒரு துளை. துளையைச் சுற்றி விரலால் அழுத்தினால் உள்ளே பஞ்சுபோல் அமுங்கியது.

"ரெண்டு நாள் போனா இந்த எடம் கறுத்துப் போகும் சார். அப்புறம் அழுகும், தானா உதுந்துடும். அறுத்துப் பாருங்க, ஒரு புழு இருக்காது. புழு இருந்தா ஈ வெச்ச புழுன்னு சொல்லலாம். இது என்னாத்துக்குன்னு சொல்றது?"

அறுத்துப் பார்த்தோம். புழு இல்லை. பாய் சொன்னதில் பெரிய சாஸ்திரம் இருந்தது. பழ ஈ தன் முட்டையைப் பழத்துக்குள் வைக்கும். அதன் குழந்தைகள் பழத்தைத் தின்று வளரும். ஆகவே பழ ஈயின் குற்றத்துக்குச் சாட்சி பழத்துக்குள்ளேயே நெளிந்துகொண்டிருக்கும். இந்தத் திருடனோ குத்திக் குடித்துவிட்டு, ஒரு தடயமும் வைக்காமல் போய்விடுகிறான். அவனுடைய குழந்தைகள் எங்கே? அவை என்ன சாப்பிடுகின்றன? திருடனைப் பிடிப்பதைவிட அவன் வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான காரியமாக இருந்தது.

அன்று இருட்டியபின் டார்ச் விளக்கோடு தோட்டத்தைச் சுற்றி வந்தோம். பாயின் பேரன், பத்து வயது இருக்கும், வேலி ஓரத்தில் நின்று, "தாத்தா, இந்த எலைக்குக் கண்ணு இருக்கு" என்றான். காய்ந்த இலை என்றுதான் யாரும் சொல்வார்கள். பழுப்பு நிறம், நடுநரம்பு ஓடுவதுபோல் ஒரு கோடு, அங்கங்கே பாசி படர்ந்ததுபோல் லேசான பச்சை, ஓரம்கூடச் சருகு சுருண்டதுபோல் வளைந்திருந்தது. ஆனால் விளக்கொளியில் இரண்டு கண்கள் தணல்போல் மின்னின. பையன் குச்சியால் தொட்டான். சருகு படாரென்று விரிந்தது. உள்ளே கல்யாண வீட்டுக் காஞ்சிப் பட்டைப்போல் பளீரென்ற ஆரஞ்சு வண்ணம். அதன் நடுவே வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. ஓரம் முழுவதும் கறுப்புக் கரை, கரையில் வெள்ளைப் புள்ளிகள். அரை விநாடிதான். பிறகு அது இருளில் மறைந்துவிட்டது.

வேளாண்மைத் துறையார் இதைப் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி என்கிறார்கள். நம் தமிழில் இந்த ஜாதிக்குப் பெயர் வைத்ததில் கொஞ்சம் சிக்கனம் காட்டிவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்து என்றால் குதிரில் நெல்லைக் கெடுக்கும் பொடிப்பூச்சி. விட்டில் என்றால் விளக்கில் விழுந்து சாவது. மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் சிறகு விரிக்கும் இந்தக் கம்பீரமான ஜந்துவையும் அந்து என்றே அழைப்பது, யானையைப் 'பெரிய பெருச்சாளி' என்பதுபோல் இருக்கிறது. போகட்டும். விஞ்ஞானிகள் வைத்த பெயர் யூடோசிமா மடேர்னா. இதற்கு யூடோசிமா ஃபலோனியா என்று ஒரு சகோதரியும் உண்டு. இரண்டும் சருகு வேஷம் போடுபவை. இரண்டுக்கும் உள்ளே ஆரஞ்சுப் புடவை. மூத்தவளுக்கு நடுவில் வட்டப் பொட்டு. மற்றவளுக்கு அந்த இடத்தில் வளைந்த பிறைபோல் ஒரு கறுப்புத் திட்டு. மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது வித்தியாசம் கண்டுபிடிப்பது லேசில் ஆகாது. அடையாளம் இருப்பது பின்சிறகில், அது பத்திரமாக மூடியிருக்கிறது. இந்தச் சங்கடத்தில் நான் மட்டுமல்ல, பெரிய பெரிய பண்டிதர்கள் எல்லாரும் இருந்திருக்கிறார்கள்.

'மடேர்னா' என்றால் தாய்க்குரியது என்று பொருள். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1767-இல் தம் பெரும் நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் வைத்த பெயர் இது. பின்சிறகில் பகட்டு நிறம் ஒளித்து வைத்திருக்கும் ஐரோப்பியப் பூச்சிகள் சிலவற்றுக்கு அவர் மணப்பெண், நிச்சயிக்கப்பட்டவள் என்ற பொருளில் பெயர் சூட்டியிருந்தார். வெளியே முக்காடு, உள்ளே கூறைப்புடவை என்று நினைத்தாரோ என்னவோ! ஆனால் அந்தத் தாயின் குழந்தைகள் எப்படி இருக்கும், எந்தத் தழையைத் தின்னும் என்ற விஷயத்தை அந்தப் பெயர் சொல்லாது. அவருக்குக் கிடைத்தது ஊசியில் குத்திய உலர்ந்த உடல். உயிருள்ள கதை கடலுக்கு இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் பூச்சி சாஸ்திரம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்த நாளில், 1768-இல், ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற வைத்தியர் அங்கே வந்து சேர்ந்தார். லின்னேயஸிடம் பாடம் கேட்டவர். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடி பிடுங்குவதிலும் பூச்சி பிடிப்பதிலும் போக்கினார். பிறகு ஆர்க்காட்டு நவாபிடமும், அதற்குப் பின் கும்பினியாரிடமும் உத்தியோகம் பார்த்து, 1785-இல் காக்கிநாடாவுக்கு அருகில் காலமானார். அவர் அனுப்பிய பூச்சிகளை அதே லின்னேயஸின் மற்றொரு மாணாக்கரான ஃபாப்ரீஷியஸ் ஐரோப்பாவில் உட்கார்ந்து வரிசைப்படுத்திப் பெயர் சூட்டினார். 1775-இல் வெளிவந்த அவருடைய நூலில் நம் சோழமண்டலக் கரைப் பூச்சிகள் பல இடம் பெற்றன. இங்கே வயல் வரப்பில் பறந்தவை அங்கே லத்தீன் பாஷை பேசத் தொடங்கின.

கோனிக் ஒன்றும் பெட்டி நிரப்புகிற ஆசாமி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறையானைப் பற்றி 1779-இல் அவர் எழுதிய கட்டுரையில், தஞ்சைச் சீமையில் ஜனங்கள் ஈசல் பிடித்து மாவோடு சேர்த்துத் தின்பதைக்கூட விவரமாகக் குறித்து வைத்திருக்கிறார். பூச்சி எப்படி வாழ்கிறது என்று நின்று பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. ஆனால் அவர் ஒருவர், பூச்சிகளோ ஆயிரம். எல்லாவற்றுக்கும் பிள்ளைத்தமிழ் பாட ஒரு மனிதனுக்கு ஆயுசு போதாது.

புழுவும் பூச்சியும் ஒன்றே என்பதே ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெளிவான சங்கதியாக இல்லை. ஹாலந்தில் ஸ்வாமர்டாம் என்ற வைத்தியர் 1669-இல் வெளியிட்ட நூலில், வண்ணத்துப்பூச்சியாகப் போகும் சிறகும் காலும் புழுவின் தோலுக்கு அடியிலேயே மடிந்து கிடப்பதை அறுத்துப் பார்த்து எழுதினார். மரியா சிபில்லா மெரியன் என்ற மாதரசி ஐம்பதை ஒட்டிய வயதில், தன் மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தென் அமெரிக்காவில் சூரினாம் காட்டுக்குப் போனாள். புழுவை அது தின்னும் செடியோடு வளர்த்து, கூடு கட்டுவதையும் பூச்சி வெளிவருவதையும் கண்ணால் பார்த்துச் சித்திரமாக எழுதி 1705-இல் அச்சிட்டாள். ஒரே படத்தில் செடி, புழு, கூடு, பூச்சி. அதாவது ஒரு பாத்திரத்தின் முழு வாழ்க்கை. நாவலாசிரியன் என்ற முறையில் நான் லின்னேயஸைவிட அந்த அம்மாள் பக்கமே நிற்பேன். முகவரிப் புத்தகம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது கதை ஆகாது.

கோட்டக்குப்பத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே இப்படிப்பட்ட மனிதர் ஒருவர் வாழ்ந்து மறைந்தார் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். புதுச்சேரியில் தாவரவியல் பூங்காவுக்குப் போகாத வாசகர் குறைவு. பிள்ளைகளை அழைத்துப் போய் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டு வருவோம். அந்தப் பூங்காவை 1843 முதல் நிர்வகித்து, 1870-இல் புதுச்சேரியிலேயே கண்ணை மூடியவர் பெரோத்தே என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர். தோட்டக்கார வித்தையில் தேறியவர். 1821-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு வகை முசுக்கட்டைச் செடியைக் கொண்டுபோய்ப் பிரெஞ்சுப் பட்டுப்புழுக்களுக்குப் பந்தி வைத்தவர் அவர்தான். பட்டுப்பூச்சியும் அந்துப்பூச்சிக் குலத்தைச் சேர்ந்ததுதானே! அதோடு நில்லாமல், மேற்கிந்தியத் தீவுகளில் காப்பிச் செடிகள் இலை கருகி அழிந்தபோது அங்கே போய் ஆராய்ந்தார். காப்பி இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் குடியிருந்து சுரங்கம் வெட்டும் ஒரு பொடிப் புழுவே காரணம் என்றும், அது வெள்ளி நிறச் சின்ன அந்துப்பூச்சியின் குழந்தை என்றும், கேரின் மெனெவீல் என்பவரோடு சேர்ந்து 1842-இல் ஒரு நூல் வெளியிட்டார். இன்றைக்கும் அந்தப் பூச்சியின் விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. குற்றவாளியின் பெயரோடு துப்பறிந்தவர் பெயரும் சேர்ந்து அச்சாகும் விநோதம் இந்தச் சாஸ்திரத்தில்தான் உண்டு.

நம் சருகு வேஷக்காரிக்கு வருவோம். அவளைப் பற்றி ஐரோப்பியப் பண்டிதர்கள் வெகுநாள் ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்து வைத்திருந்தார்கள். வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் வாயில் பல் கிடையாது. கடிகாரத்தின் சுருள்வில்லைப்போல் சுருட்டி வைத்த மெல்லிய குழல் மட்டுமே உண்டு. பூவில் தேன் குடிக்கத்தான் அது உதவும். பழத்தின் தோலைத் துளைக்கும் சக்தி அதற்கு ஏது? ஏற்கெனவே வெடித்த பழத்திலோ, பறவை கொத்திய பழத்திலோ கசியும் சாற்றைத்தான் அது நக்கிக் குடிக்கும். இப்படி ஒரு கொள்கை. தோட்டக்காரன் சத்தியம் செய்தாலும் பண்டிதர்கள் கேட்கமாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் தோஸே என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆரஞ்சுத் தோட்டங்கள் இந்தப் பூச்சியால் பாழாவதைப் பார்த்துச் சொன்னார். 1875-இல் பாரிஸில் குன்க்கேல் என்பவர் குழலை ஆராய்ந்து, இது துளைக்கும் கருவிதான் என்று எழுதினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் சார்லஸ் டார்வினின் மகன் ஃப்ரான்சிஸ் டார்வின் பூதக்கண்ணாடிக்கு அடியில் அதே குழலை வைத்துப் பார்த்து, அதன் அமைப்பை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். நுனி கூராக, கெட்டியாக, துரப்பணம்போல் இருக்கிறது; பக்கங்களில் மேல்நோக்கிய முட்கள், தூண்டில் முள்ளைப்போல. குத்தினால் தோல் கிழிகிறது. இழுத்தால் சதை நார் நாராகிச் சாறு சுரக்கிறது. கொய்யாப்பழத்தில் பாயின் விரல் அமுங்கிய அந்தப் பஞ்சு இடம் இருக்கிறதே, அது இந்த முட்களின் கைவேலை. சாறு போன வெற்றிடத்தில், துளை வழியே பூஞ்சைக் காளானும் அழுகல் கிருமிகளும் குடியேறுகின்றன. பூச்சி குடிப்பது சில துளி. பழம் முழுவதும் போகிறது.

குற்றம் நிரூபணமாயிற்று. ஆனால் பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி இருக்கிறதல்லவா?

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹாம்ப்ஸன் என்ற துரை, தேயிலையைவிட விளக்கைத் தேடி வரும் பூச்சிகளிடம் அதிகப் பிரியம் வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பி பிரிட்டிஷ் மியூஸியத்தில் சேர்ந்து, 1891-இல் நீலகிரி அந்துப்பூச்சிகளைப் பற்றிச் சித்திரங்களோடு ஒரு நூல் எழுதினார். அடுத்து 1892 முதல் 1896 வரை இந்தியாவின் அந்துப்பூச்சிகள் அனைத்துக்கும் நான்கு பெரிய தொகுதிகள். இன்றைக்கும் நம் நாட்டில் ஓர் அந்துப்பூச்சியின் பெயர் தெரிய வேண்டுமானால் அந்த நான்கையும் புரட்டாமல் முடியாது. பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நம்முடைய பூச்சி சென்ற நூற்றாண்டில் நம் வேளாண்மை நூல்களில் 'ஒத்ரீஸ்' என்ற குலப்பெயரோடு வாழ்ந்தது. இப்போது 'யூடோசிமா' என்கிறார்கள். விஞ்ஞானிகள் அந்துப்பூச்சிக்குப் பெயர் மாற்றுகிற வேகத்தில் நகராட்சியார்கூடத் தெருக்களுக்குப் பெயர் மாற்றமாட்டார்கள்.

சென்னை ராஜதானியில் அரசாங்கப் பூச்சி நிபுணராக இருந்த பெயின்பிரிட்ஜ் ஃப்ளெச்சர் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு நூலைச் சென்னை அரசாங்க அச்சகத்தில் வெளியிட்டார். அவர் கடற்படையில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பூச்சிக்கு வந்தவர்! அவருக்குப் பின் கோயம்புத்தூரில் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் பல ஆண்டுகள் பாடுபட்டு 1940-இல் தென்னிந்தியாவின் பொருளாதாரப் பூச்சியியல் கைந்நூலை எழுதினார். 'பொருளாதாரப் பூச்சி' என்ற பிரயோகம் சிரிப்பை உண்டாக்கலாம். குடியானவனின் வரவு செலவுக் கணக்கில் கை வைக்கிற பூச்சி என்று அர்த்தம். இந்தப் பரம்பரையினரின் உழைப்பால், பெயரும் உடலும் மட்டுமே இருந்த இடத்தில் வாழ்க்கை எழுதப்பட்டது. எந்த மாதம் வருகிறது, எதைத் தின்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்றெல்லாம் தெரிந்தது.

திருடியின் வீடு பாயின் வேலியிலேயே இருந்தது. சீந்தில் கொடி.

சீந்திலை அறியாத தமிழ் வீடு இல்லை. காய்ச்சலுக்குக் கஷாயம், அதன் தண்டை இடித்துக் கரைத்துத் தெளியவைத்து எடுக்கும் மாவுக்குச் சீந்தில் சர்க்கரை என்று சித்த வைத்தியர்கள் பெயர் சொல்லுவார்கள். அமிர்தவல்லி என்று ஒரு பட்டமும் உண்டு. சாகாவரம் பெற்ற கொடி. அறுத்து மரத்தில் தொங்கவிட்டால்கூட நூல் நூலாக வேரைக் கீழே இறக்கி மண்ணைத் தேடிக்கொள்ளும். இந்தக் கொடியும், கட்டுக்கொடி முதலான இதன் உறவினர்களுமே இந்தப் பூச்சியின் குழந்தைகளுக்கு அன்னம். வேறு எதைக் கொடுத்தாலும் நம் ஊரில் அவை சாமானியமாய்த் தொடுவதில்லை. (பசிபிக் தீவுகளில் ஃபலோனியாவின் குழந்தைகள் கல்யாண முருங்கை இலையைத் தின்று வளர்கின்றன. ஊர் மாறினால் சாப்பாட்டு ருசியும் மாறுகிறது.)

தாய்ப்பூச்சி இரவில் வந்து சீந்தில் இலையின் அடிப்புறத்தில் முட்டை இடுகிறாள். மூன்று நான்கு நாளில் பொரிகிறது. வெளிவரும் புழு, முதுகை வில்லாக வளைத்து வளைத்து நடக்கிறது. நம் குடியானவர்கள் இப்படி நடக்கும் புழுக்களுக்குக் காவடிப்புழு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயரை லின்னேயஸ்கூட வைத்திருக்க முடியாது. புழு தோலை உரித்து உரித்துப் பெரிதாகிறது. இரண்டு மூன்று வாரத்தில் விரல் நீளத்துக்கு, வெல்வெட்டுபோல் கறுத்த உடம்போடு, உடலின் பக்கத்தில் இரண்டிரண்டு பெரிய கண்களைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. அவை நிஜக் கண்கள் அல்ல. மஞ்சளும் கறுப்புமாக எழுதிய பொய்க்கண்கள். யாராவது கிட்டே வந்தால் தலையை உள்ளே மடக்கி, வாலைத் தூக்கி, அந்தக் கண்களைக் காட்டுகிறது. குருவிக்கு அது புழுவாகத் தெரியாது; எதிரே ஏதோ முறைத்துப் பார்ப்பதாகத் தெரியும்.

ஆக, குழந்தைப் பருவத்தில் பயமுறுத்தும் வேஷம். பெரியவளானபின் மறைந்துகொள்ளும் வேஷம். அதற்குள்ளே திடுக்கிட வைக்கும் இன்னொரு வேஷம். மூன்றும் ஒரே நடிகைக்கு.

வளர்ந்த புழு இலைகளை நூலால் சேர்த்துக் கட்டி, அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் அசைவில்லாத தவம். அதன்பின் பூச்சி வெளிவந்து சிறகை உலர்த்திக்கொண்டு, தான் பிறந்த கொடியை விட்டுப் பழத்தோட்டத்தைத் தேடிப் பறக்கிறது. நல்ல பறவைகளைப்போல் வெகுதூரம் பறக்கக்கூடியது. முட்டையிலிருந்து பூச்சி வரை ஒரு மாதம், ஒன்றேகால் மாதம். மழை பெய்து கொடிகள் தளிர்த்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அதை அடுத்துப் பழம் பழுத்தால் தாய்மார்களுக்குக் கொண்டாட்டம். காட்டில் பிறந்து ஊரில் திருடுகிற வாழ்க்கை. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்க்காதவனுக்கு இந்தப் பூச்சியைத் தெரியாது.

வேஷம் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா, அல்லது நாம் வியந்து சொல்லும் வார்த்தைதானா என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் பதில் ஓர் அந்துப்பூச்சியிடமிருந்தே வந்தது. இங்கிலாந்தில் மிளகுத்தூள் தூவியதுபோன்ற வெள்ளைச் சிறகுள்ள காட்டு அந்துப்பூச்சி ஒன்று உண்டு. பாசி படர்ந்த மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. 1848-இல் மான்செஸ்டரில் அதில் ஒரு கறுப்பு நிறத்தது பதிவாயிற்று. ஆலைப்புகை பெருகி மரங்கள் கரிபிடித்தன, கறுப்பும் பெருகியது. 1895-க்குள் அந்த நகரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு. 1924-இல் ஹால்டேன் என்ற மேதை கணக்குப் போட்டு, ஒரு வெள்ளைக்கு ஒன்றரைக் கறுப்பு என்ற விகிதத்தில் பிழைத்திருந்தால்தான் இவ்வளவு வேகமாக மாறியிருக்க முடியும் என்றார். அந்த ஹால்டேன்தான் 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கே குடிவந்து, ஜிப்பாவும் வேஷ்டியுமாக இருந்து, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானவர். 1950-களில் கெட்டில்வெல் என்பவர் காட்டில் பூச்சிகளை விட்டுப் பார்த்து, குருவிகள் பட்டையோடு பொருந்தாததையே பொறுக்கித் தின்கின்றன என்று காட்டினார். அவர் பரீட்சையில் குறை சொன்னார்கள். குறைகளை நீக்கி மஜெரஸ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆறு ஆண்டுகள் தம் தோட்டத்தில் 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்தார். அதற்குள் காற்று சுத்தமாகி மரங்கள் வெளுத்திருந்தன. இப்போது கறுப்பே அதிகம் இரையாயிற்று. கணக்கை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 2009-இல் இறந்துவிட்டார், நண்பர்கள் 2012-இல் வெளியிட்டார்கள்.

இவ்வளவையும் நான் பாயிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அப்ப வேலியில இருக்கிற சீந்திலைப் புடுங்கணும்கிறீங்க."

புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. தோட்டத்தைச் சுற்றிலும் சீந்தில் முதலிய கொடிகளை அழி. இரவில் டார்ச் விளக்கோடு வலை வீசிப் பிடி. புளித்த வெல்லப்பாகில் மருந்து கலந்து வை. பழத்துக்கு உறை போட்டுக் கட்டு. செடிக்கு மருந்து அடித்துப் பயன் அதிகம் இல்லை. திருடி அங்கே குடியிருப்பவள் அல்லவே! பழுக்கிற பழத்தில் விஷத்தைத் தெளித்துச் சந்தைக்கு அனுப்புவது மனிதருக்கும் ஆகாது.

"புடுங்கலாம் சார். ஆனா எங்க வீட்ல ஜுரம்னா எங்கம்மா இதுல ஒரு துண்டு ஒடிச்சுத்தான் கஷாயம் வெப்பாங்க. கொரோனா வந்தப்ப இந்தத் தெருவே வந்து ஒடிச்சுக்கிட்டுப் போச்சு. எங்க வேலியில புடுங்குறேன், சரி. புத்துப்பட்டுக் காட்ல யாரு புடுங்குறது?"

கேள்வி என்னைத் தடுத்து நிறுத்தியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில். கோயிலைச் சுற்றி ஒரு காடு. பூமிப் படத்தில் தேடினால் ஒரு மிளகு அளவு. வீரை, காயா, காட்டெலுமிச்சை என்று வருஷம் முழுவதும் இலை உதிர்க்காத குட்டை மரங்கள்; அவற்றின்மேல் கொடி, கொடியின்மேல் கொடி. ஒரு காலத்தில் இந்தச் சோழமண்டலக் கரை நெடுகிலும் இந்த மாதிரிக் காடுதான் இருந்தது. கப்பலுக்கும் கோட்டைக்கும் அடுப்புக்கும் உழவுக்கும் வெட்டியது போக, கோயில் காடாக இருந்தவை மட்டும் மிஞ்சின. 1955-இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் இந்த வகைக் காட்டைப் பற்றி நிறைய எழுதினார்கள். 1968-இல் ஆரோவில் எழுந்தபின், மொட்டையாகக் கிடந்த செம்மண் மேட்டில் மரம் நட்டவர்கள் விதைக்கும் மாதிரிக்கும் இந்தக் கோயில் காடுகளைத்தான் தேடிப் போனார்கள். அங்கே ஒரு கிளையை ஒடிக்க ஊரார் அஞ்சுவார்கள். பழத்தோட்டத்தைக் காப்பாற்ற அந்தக் காட்டின் கொடியை அறுப்பதென்றால், மிச்சமிருக்கும் ஒரு ஓலைச்சுவடியைக் கிழித்து அடுப்பு மூட்டுவதுபோல. ஆனால் கொய்யாவை நம்பிக் குத்தகைப் பணம் கட்டுகிறவரிடம் இந்த உவமை செலாவணியாகாது.

பப்புவா நியூகினியிலிருந்து பசிபிக் தீவுகளுக்குச் சின்னஞ்சிறு குளவிகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அவை இந்த அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தம் முட்டையை வைத்து, அதைப் பொரியவிடாமல் செய்யும். அப்படிப்பட்ட குளவிகள் ஒரு காடு உயிரோடு இருந்தால் அங்கேயும் இருக்கும் அல்லவா என்று பாயிடம் சொன்னேன். "காடு இருந்தாத் திருடனும் இருப்பான், போலீசும் இருப்பாங்கன்றீங்க" என்றார் அவர்.

அவர் செய்தது இது. வேலியிலிருந்த சீந்திலைப் பெரும்பாலும் அறுத்தார். தாயாருக்காகக் கிணற்றடியில் ஒரு கொடியை விட்டுவைத்தார். பேரன் தினமும் காலையில் அதன் இலைகளைத் திருப்பிப் பார்த்து, காவடிப்புழு கிடைத்தால் ஒரு தகர டப்பாவில் போடவேண்டும் என்று ஏற்பாடு. ஒரு புழுவுக்கு ஒரு ரூபாய். காய் முற்றும்போது வீட்டுப் பெண்கள் பழைய வேஷ்டி, புடவைத் துணியில் பை தைத்துக் கொய்யாவுக்கு மாட்டினார்கள். எல்லாக் காய்க்கும் துணி போதவில்லை. கை எட்டிய கிளைகளுக்கு மட்டும். கைக்கெட்டாத உச்சிக் கிளைப் பழங்கள் பூச்சிக்கும் கிளிக்கும் என்று விட்டுவிட்டார்.

பையன் ஒரு புழுவைக் கொடுக்காமல் ஒளித்து வளர்த்தான். இலை மடித்துக் கூடு கட்டியது. பதினோராம் நாள் டப்பா மூடிக்கு அடியில் ஒரு சருகு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஆரஞ்சுச் சிறகை அவன் தன் தாத்தாவுக்குக் காட்டினான். நடுவில் வட்டப் பொட்டு, ஆகவே மடேர்னா என்று பெயரும் சொன்னான். அறுத்து எறிந்த சீந்தில் தண்டுகள் வேலி முள்ளில் சிக்கித் தொங்கியபடியே இருந்தன. ஐப்பசி மழை இரண்டு பெய்தது. தண்டுகளிலிருந்து நூல் நூலாக வேர் இறங்கத் தொடங்கிவிட்டது என்று பாய் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.